ரேடியோ வாய் மூடிய கிறிஸ்துமஸ்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். மரியாதை தெரிந்தவர்கள் ஓர் அக்காவைச் சேர்த்து ரேடியோக்கா என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். புருஷனோடு தெருவில் இறங்கிவிட்டால் போதும், ஒலிபரப்பு ஆரம்பமாகிவிடும்.

"என்னங்க, அந்தச் சிவப்புக் கதவு வீட்டுக்கு யாரோ குடி வந்திருக்காங்க. பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரே, அவர்தான் போல. சிக்னல் சிவப்பு விழுந்துடுச்சு, நில்லுங்க. ஆங், பச்சை வந்தாச்சு, வாங்க."

பக்கத்தில் நடக்கிற மனிதர் ஒரு வார்த்தை பேசமாட்டார். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். நாள் பூராவும் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, தலைமுடி கனத்துக்கு இருக்கிற ஸ்பிரிங்கோடு குடும்பம் நடத்துகிறவர். பாவம் வாட்ச்காரர், வீட்டுக்கு வந்தாலும் நிம்மதி இல்லை என்று தெருவே அவருக்காக உச்சுக்கொட்டியது.

தெருவுக்கு என்ன தெரியும்? கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் பிறந்த வீட்டில் ஊமைக்கோட்டான் என்று பெயர். நாலு முறை கேட்டால் ஒரு முறை தலையாட்டுவாள். அப்படிப்பட்டவளைப் பேச வைத்தது ஒரு பை தக்காளி.

கல்யாணமான புதிதில் வாட்ச்காரர் கடைக்குப் போய்விட்டு வந்து, "நல்லாப் பழுத்ததாப் பொறுக்கி எடுத்தேன்" என்று பெருமையாக மேசைமேல் கொட்டினார். அதில் ஒன்றுகூடப் பழம் இல்லை. எல்லாம் பச்சைப்பசேல் என்ற காய். விளையாடுகிறாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் விளையாட்டே இல்லை. அப்போதுதான் கல்யாணத்தன்று நாத்தனார் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்த கதை அவளுக்கு ஞாபகம் வந்தது.

"இவன் சின்ன வயசுல டிராயிங் நோட்டுல இலைக்கெல்லாம் சிவப்பு அடிச்சு வச்சான். கொழுப்புன்னு அப்பா பெல்ட்டைக் கழட்டி விளாசிட்டார். அதுக்கப்புறம் வீட்ல இவன் பேரே சிவப்பிலைதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே சேற்று நிறம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவருக்கே எப்போது தெரிந்ததோ! தெரிந்த பிறகும், வெளியே சொன்னால் மறுபடியும் ஒருமுறை அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டுமே என்று விழுங்கிவிட்டார்.

அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் அவரோடு கடைக்குப் போனாள். கூடையைப் பார்த்து, தனக்குத்தானே பேசுவது போல, "இந்தப் பக்கம் பூரா பச்சைக் காயா இருக்கு, அந்தப் பக்கம்தான் சிவப்பா இருக்கு" என்றாள். காய்ப்பக்கம் போன அவர் கை சத்தமில்லாமல் பழத்தின் பக்கம் நகர்ந்தது. அன்றைக்குத் திறந்த வாய் பிறகு மூடவே இல்லை. அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்ற அவள் வாயாடி என்று பட்டம் வாங்கிக்கொண்டாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பழகிவிட்டது.

கிறிஸ்துமஸ் வந்தால் இந்த விஷயம் கொஞ்சம் சிக்கல். தெருக்கோடியில் ஒரு மழலையர் பள்ளி. அங்கே வைக்கிற மரத்தில் தொங்கவிடுவதற்கு வருஷாவருஷம் வாட்ச்காரர் வீட்டிலிருந்துதான் சர்க்கரை பிஸ்கட் போகும். மாவு பிசைவது, தேய்ப்பது, அச்சு வெட்டுவது, நூல் கோக்க ஓட்டை போடுவது, சுடுவது எல்லாம் அவள். மேலே ஐசிங் என்கிற சர்க்கரைக் குழம்பால் கோடு இழுப்பது அவர். கடிகாரத்தில் பழகிய கை அல்லவா? பிஸ்கட்டின் ஓரத்தைச் சுற்றி அவர் இழுக்கிற கோடு ஓர் இடத்திலும் தடித்திருக்காது, ஓர் இடத்திலும் அறுந்திருக்காது. அந்த வேலியைக் கட்டிவிட்டால், உள்ளே கொஞ்சம் தளர்வான ஐசிங்கை ஊற்றி நிரப்பிவிடலாம், வெளியே வழியாது. கடையில் விற்பது போல இருக்கும். கடையில் விற்பதைவிட நன்றாகவே இருக்கும்.

ஆனால் மரம் பச்சை, கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி சிவப்பு. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஐசிங்கை மருதாணிக் கோன் மாதிரி பிளாஸ்டிக் கோனில் அடைப்பாள். பச்சைக் கோனுக்கு வால்பக்கம் சணல் கயிறு. சிவப்புக்கு ரப்பர் பேண்டு. போதாததற்கு ஒலிபரப்பு: "இந்தாங்க பச்சை, மரத்தை முடிச்சுடுங்க. சிவப்பு கொஞ்சம் இறுகலா இருக்கு, பார்த்து அமுக்குங்க." அச்சு டப்பாவில் இலை வடிவத்தில் ஓர் அச்சும் உண்டு. அது மட்டும் டப்பாவின் அடியிலேயே கிடக்கும். அதில் மாவே பட்டதில்லை. இலையை அவர் முன்னால் நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு இந்த வருஷம் அச்சாணி கழன்றது. அவள் குரல் கம்மியது. கம்மிய குரல் தேறவே இல்லை. தொண்டைக்குள் குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்தார்கள்.

"இந்த மாசம் பூரா ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார் டாக்டர். "கிசுகிசுன்னுகூடக் கூடாது. புண்ணு ஆறலைன்னா அப்புறம் குரல் திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆமா, என்ன வேலை பாக்கறீங்க? டீச்சரா? கத்திக் கத்தியே கெட்டுப்போயிருக்கு."

"வீட்லதான் இருக்கா" என்றார் வாட்ச்காரர்.

"ஓ, அப்ப பேச்சு அதிகம்!" என்று டாக்டர் சிரித்தார். வாட்ச்காரர் தரையைப் பார்த்தார். அதற்கு அவர் ஏன் அப்படித் தலையைத் தொங்கப்போட வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "இந்த வருஷம் பிஸ்கட் வேண்டாமே" என்றார். நிறத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தாள். முடியவே முடியாது என்று தலையாட்டினாள். கயிறும் ரப்பர் பேண்டும் இருக்கும்போது வாய் எதற்கு? இரண்டு பேர் மட்டும் சமையலறையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் முடித்துவிடலாம்.

அவள் போட்ட கணக்கில் நாத்தனார் இல்லை.

நாத்தனார் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரைவிட்டுப் போனதே தவிர, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் சொந்த ஏப்ரனோடு வந்து இறங்கிவிட்டார். கெட்ட மனசு கிடையாது. நல்ல மனசு உள்ளவர்கள் வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

"நீ உக்காரும்மா, நோயாளி. நான் பாத்துக்கறேன்."

வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்க அடித்து, முட்டை உடைத்து, மாவு சேர்த்து, உருட்டி ஃபிரிட்ஜில் வைத்தது முதல் நாளே அவள் செய்துவிட்ட வேலை. மறுநாள் காலையில் நாத்தனார் அதை எடுத்து, இரண்டு காகிதத்துக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். அச்சு டப்பாவை அப்படியே மேசையில் கவிழ்த்தார். நட்சத்திரம், மரம், தொப்பி எல்லாம் உருண்டன. கடைசியில் இலை விழுந்தது.

"இது ஏன் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு? இதை யாரும் தொடறதில்லையா?"

அவள் வேகமாகக் கையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

"நல்லாத்தானே இருக்கு!" என்று நாத்தனார் மாவில் அதை அழுத்தினார். ஒரு தட்டு நிறைய இலை. ஓவனிலிருந்து வெளியே வந்தபோது ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து, வெட்டிய வடிவம் குலையாமல், ஒவ்வோர் இலையும் அச்சுக்குள் இருந்தபடியே இருந்தது. நன்றாக வெந்துபோனதற்காக ஒருத்தி வருத்தப்பட்டாள் என்றால் அது அவளாகத்தான் இருக்கும்.

மத்தியானம் எதிர் வீட்டு நர்ஸ் வந்து சேர்ந்தாள். அவளுக்கு அன்று விடுமுறை. ரேடியோக்கா பேசாமல் இருக்கிறாளா என்று காவல் காப்பது தன் பொறுப்பு என்று அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறிய பிஸ்கட்டுகளை மேசையில் பரப்பியாகிவிட்டது. வாட்ச்காரர் கை கழுவிவிட்டு வந்து, கடையில் உட்கார்வது போலவே குனிந்து உட்கார்ந்தார். அவர் முன்னால், அடியில் ஈரத்துணி போட்ட ஒரு கண்ணாடி டம்ளர். அதற்குள் கோன்கள்.

அவள் பார்த்தாள். கயிற்றைக் காணோம். ரப்பர் பேண்டையும் காணோம். எல்லாக் கோன்களின் வாலிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கிளிப்.

"அழுக்குக் கயித்தைப் போய்த் திங்கிற சாமான்ல கட்டி வச்சிருந்தே" என்றார் நாத்தனார். "நான் பாக்கெட் கிளிப் வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப பாரு, எவ்வளவு நீட்டா இருக்கு."

அவள் எழுந்து போய்ப் பச்சைக் கோனை உருவி அவர் வலது கைப்பக்கம் வைத்தாள். நாத்தனார் அதை எடுத்து, நுனி காய்ந்துவிடும் என்று மறுபடி டம்ளரில் போட்டார். சரி, நானே மரத்துக்குக் கோடு இழுக்கிறேன் என்று அவள் மறுபடி அதைக் கையில் எடுத்தாள். முதல் மரம் நெளிந்துபோயிற்று.

"அக்கா, உடம்பு இன்னும் தேறலை. உக்காருங்க" என்று நர்ஸ் கோனை வாங்கி டம்ளரில் போட்டுவிட்டு, அவள் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லாரும் அவளுக்கு நல்லதே செய்தார்கள்.

வாட்ச்காரர் வெள்ளைக் கோனை எடுத்தார். வெள்ளையும் மஞ்சளும் அவருக்குத் தெரியும். நட்சத்திரங்களுக்கு மஞ்சள் கோடு இழுத்தார். தொப்பிகளின் நுனிக் குஞ்சத்துக்கு வெள்ளை வைத்தார். வைத்ததன்மேலேயே இன்னொரு சுற்று வைத்தார். அரை மணி நேரத்து வேலையை இழுஇழு என்று இழுத்தார். அவள் ஜன்னலோரத்திலிருந்து அவர் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். ஒரு முறை நிமிர்ந்தால் போதும், ஜாடை காட்டிவிடலாம். அவர் நிமிரவில்லை. அவர் பார்வை டம்ளரிலேயே இருந்தது, இரண்டு சேற்று நிறக் கோன்களின்மேல்.

"என்னடா தம்பி, தொப்பிக்குப் போய் இவ்வளவு குஞ்சமா? இலையை எடு, காயணும்ல" என்று நாத்தனார் இலைத் தட்டை அவர் முன்னால் தள்ளினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தார். "பாக்கலாம், இன்னைக்காவது பச்சை அடிக்கிறியான்னு. உனக்குத் தெரியுமாம்மா நர்ஸ், இவன் சின்ன வயசுல..."

கதை ஆரம்பமாயிற்று. நோட்டு வந்தது, இலை வந்தது, அப்பா வந்தார், பெல்ட் வந்தது. சிவப்பிலை என்ற இடத்தில் நர்ஸ் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் இருக்க அவளுக்கு என்ன காரணம்?

வாட்ச்காரரின் கை டம்ளருக்குப் போனது. ஒரு கோனைத் தொட்டது. விட்டது. பக்கத்துக் கோனைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு அதை எடுத்தது.

சிவப்பு.

அவர் இலையின்மேல் குனிந்தார். நுனி பிஸ்கட்டைத் தொட இன்னும் ஒரு நெல்லளவுதான் இருந்தது. இத்தனை வருஷம் மூடி வைத்தது உடையப்போகிறது, அதுவும் இந்த அக்கா முன்னால், அதே இலையில், அதே நிறத்தில். அவளுக்கு டாக்டரும் ஞாபகம் வரவில்லை, தொண்டையும் ஞாபகம் வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

அந்த மூச்சின் சத்தம் அவருக்குக் கேட்டது. இத்தனை வருஷமும் ஒலிபரப்புக்கு முன்னால் வருகிற மூச்சு அது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாயைத் திறக்காதே!"

வாட்ச்காரர் சத்தம் போட்டு அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நர்ஸ் பதறி எழுந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை பேசக்கூடாது நீ" என்றார் அவர். கோனை இலைமேலிருந்து விலக்கினார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு, போதுமா? இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வாயை மூடிக்கோ. எது பச்சைன்னு விரலால காட்டு."

அவள் திறந்த வாயை மூடினாள். கண் நிரம்பிவிட்டது. அப்படியானால் அவருக்குத் தெரியும். தான் எதற்காகப் பேசினோம் என்று முதலிலிருந்தே அவருக்குத் தெரியும்! மேசைக்கு வந்து, டம்ளரில் இருந்த பச்சையைத் தொட்டுக் காட்டினாள். அவர் சிவப்பைக் கீழே வைத்தார். பச்சையை எடுத்து இலையைச் சுற்றிக் கோடு இழுத்தார். ஓர் இடத்திலும் தடிக்கவில்லை, ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

நாத்தனார் கையிலிருந்த கரண்டியிலிருந்து ஐசிங் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"அப்ப அன்னைக்கு... அந்த நோட்டு..."

"அன்னைக்கு எனக்கு அது இலை நிறமாத்தான் இருந்துச்சு, அக்கா."

நாத்தனார் எதிர்ச் சுவரைப் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளைத் தப்புக்கு மன்னிப்புக் கேட்க வைத்தவர்தான், தனக்கென்று வந்தபோது அந்த வார்த்தை வரவில்லை. ஏப்ரன் பைக்குள் கையை விட்டார். காலையில் அவிழ்த்துப் போட்ட சணல் கயிறு அங்கேயே இருந்தது. அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, இரண்டு முறை அலசி, துண்டில் ஒற்றினார். தம்பி கையிலிருந்த கோனைக் கேட்டு வாங்கி, கிளிப்பைக் கழற்றிவிட்டு அதன் வாலில் கயிற்றைக் கட்டினார். கட்டி முடிக்க வெகு நேரமாயிற்று. முடிச்சு சரியாக விழவில்லை என்று ஏப்ரன் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பிஸ்கட்ல இலை சிவப்பா இருந்தாத்தான் என்ன, ஐயா? தின்னா இனிக்கத்தானே போகுது" என்றாள் நர்ஸ். யாரும் சிரிக்கவில்லை. நல்ல பெண், அதனால் மறுபடி சொல்லாமல் போய் எல்லாருக்கும் டீ போட்டாள்.

சாயங்காலம் ஐசிங் காய்ந்து இறுகியது. தட்டினால் டொக் டொக் என்றது. நூல் கோத்து டப்பாக்களில் அடுக்கிக்கொண்டு இருவரும் பள்ளிக்குக் கிளம்பினார்கள். நாத்தனார் வரவில்லை. பாத்திரம் கழுவ வேண்டும் என்றார்.

தெருவில் இறங்கியதும் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. சிவப்புக் கதவு வந்தது, போனது. யாரும் அறிவிக்கவில்லை. சிக்னல் வந்தது. விளக்கு மாறிய அந்த நொடியிலேயே அவர் நின்றுவிட்டார். அவள் திரும்பி அவரைப் பார்ப்பதற்குள் விளக்கு மறுபடி மாறியது. "வா" என்று அவரே முதலில் இறங்கிக் கடந்தார்.

எதிர்ப் பக்கம் போனதும் அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சிக்னலைக் காட்டினாள், அவர் கண்ணைக் காட்டினாள், கையை விரித்தாள். எப்படி?

"மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ" என்றார் அவர். "அதுக்கு நிறம் எதுக்கு? பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே தெரியும் எனக்கு."

அவளுக்கு வந்ததே கோபம்! எத்தனை வருஷம்? வெயிலிலும் மழையிலும் பஸ் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, தெருவெல்லாம் சிரிக்க! டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். வாங்கிக்கொண்டார். இன்னொன்று வந்தது. அதையும் வாங்கிக்கொண்டார்.

"சொல்லியிருக்கணும்" என்றார். "டாக்டர் உன் தொண்டையைப் பத்திச் சொன்னப்பவே எனக்கு உயிரே போச்சு. பிஸ்கட் வேண்டாம்னு சொன்னது நீ கத்திடுவேன்னுதான். எனக்காகன்னு நினைச்சுக்கிட்டியா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மறுபடி கையை விரித்தாள்.

அவர் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீ வந்த புதுசுல வாயே திறக்க மாட்டே. என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன். தக்காளிக் கடைல பேசினே. அப்புறம் சிக்னல்ல பேசினே. நான் சிக்னல் எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, பேச்சை நிறுத்திடுவியோன்னு பயம்."

அவள் அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அது இறங்கி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. பள்ளி இன்னும் கொஞ்ச தூரம். இருவரும் நடந்தார்கள். நாலு எட்டு வைத்ததும் வாட்ச்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டு வாசல்ல ஒரு சைக்கிள் நிக்குது" என்றார். "சிவப்போ பச்சையோ, ஏதோ ஒண்ணு. அந்தம்மா துணி காயப்போடறாங்க. அதுவும் சிவப்போ பச்சையோ."

சைக்கிள் நீலம். துணி எல்லாம் வெள்ளை. நீலமும் வெள்ளையும் அவருக்கு நன்றாகவே தெரியும். சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த யோசனை முடிவதற்குள், "அதோ ஒரு நாய். சிவப்புன்னு நினைக்கிறேன்" என்றார் வாட்ச்காரர், தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க.